விலை ஏறினால் தேவை ஏறும்

எங்கள் ஒலி நூலகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். பதினெட்டு வருஷம் அங்கே டெக்னீஷியனாக இருந்தவள் என்பதால் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். மலர் என்றால் நல்லதாக நாலு விஷயம் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஒரு ஜனவரியும் அதற்குப் பின் வந்த சில மாதங்களும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம் என்று அதையே எழுதுகிறேன்.

என் பெயர் மும்தாஜ். பிளஸ் டூ முடித்தேன், ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தேன், ஒரு டிடிபி கடையில் ஏழு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்தேன். கம்ப்யூட்டர் பழுதானால் ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்பதால் நானே திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அதைக் கேள்விப்பட்டுத்தான் நூலகத்தில் கூப்பிட்டார்கள்.

நூலகம் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் வேலை. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தன்னார்வலர்கள் வாசிப்பார்கள். நான் பதிவு செய்து, இருமலையும் பக்கம் புரட்டும் சத்தத்தையும் வெட்டிவிட்டு, ஆடியோ சிடியாக எழுதித் தருவேன். பிள்ளைகள் வீட்டில் சிடி பிளேயரில் போட்டுக் கேட்டுப் படிப்பார்கள்.

நூலகத்தை நடத்தியவரை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பியூனிலிருந்து கலெக்டர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் எதையாவது சொல்லி முடித்ததும், நம்மையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடி "அப்புறம்?" சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகும்வரை விடமாட்டார். மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் மூன்றாவது 'அப்புறம்'இல் வெளியே வந்துவிடும். எல்லாம் வந்த பிறகு "பொன்" என்பார். பிரெஞ்சில் 'நல்லது, சரி' என்று அர்த்தம். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

சிடி எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எழுதிய ஒவ்வொரு சிடியிலும் ஒவ்வொரு ட்ராக்கையும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் கேட்க வேண்டும். கையில் அச்சுப் புத்தகம் இருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் நோட்டில் சிடி எண், தேதி, கையெழுத்து. "நம்ம பிள்ளைங்க சரிபார்க்க வேற புத்தகம் கிடையாது, மும்தாஜ். நாம சொல்றதுதான் அவங்களுக்குப் புத்தகம்" என்று நான் சேர்ந்த முதல் வாரம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நான் சேர்ந்து ஐந்தாவது வருஷம் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. காலையில் ஆன் செய்தபோது டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நகல் எடுத்து வைக்கும்படி மதாம் இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். மூல ஃபைல்கள் எல்லாம் போய், அலமாரியில் இருந்த சிடிகள் மட்டும்தான் மிச்சம். நூலகக் கமிட்டியில் ஒருவர், இந்த வேலைக்கு முறையாகப் படித்த ஆள் வேண்டும் என்று சொன்னதாக எனக்குக் காதில் விழுந்தது. மதாம் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதன் பிறகு மாடிப்படி ஏறும்போதே அந்த வார்த்தைதான் காதில் ஓடும்.

அதற்கடுத்த ஜனவரியில் ஒரு நல்ல செய்தி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் புதுச்சேரிக்காரர் ஒருவர், பிளஸ் டூ எழுதும் எங்கள் பிள்ளைகள் இருபத்துமூன்று பேருக்கும் கையடக்க எம்பி3 பிளேயர் வாங்கித் தருகிறார். சிடி பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், எல்லாப் பாடமும் சட்டைப் பையில் அடங்கிவிடும். வழங்கும் விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. கையில் ஒன்பது நாள். பிளஸ் டூ பாடங்கள் மொத்தம் அறுபத்தொரு சிடி. ஆடியோ சிடியை ஃபைல் மாதிரி இழுத்துப் போட முடியாது. அதை ஒரு புரோகிராம் படித்து, ட்ராக் ட்ராக்காக ஃபைலாக மாற்ற வேண்டும். ரிப் செய்வது என்போம். நல்ல கம்ப்யூட்டரில் ஒரு சிடிக்கு ஐந்து, பத்து நிமிஷம் ஆகும். இரண்டே நாள் வேலை என்று நான் மதாமிடம் சொன்னேன்.

முதல் சிடி முடிய இரண்டரை மணி நேரம் ஆனது.

சிடியில் அழுக்கு என்று நினைத்தேன். பிள்ளைகள் கைபட்டுத் திரும்பி வந்த சிடிகள்தானே. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும் என்பது தெரியும். அடுத்த சிடியும் இரண்டரை மணி நேரம். வீட்டிலிருந்து கீறலே இல்லாத ஒரு பாட்டு சிடி கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். அதுவும் நகரவில்லை. அப்படியானால் கோளாறு சிடியில் இல்லை என்று தெரிந்தது. இரண்டாம் நாள் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து சிடி டிரைவைக் கழற்றி வந்து மாட்டினேன். அதே வேகம்தான். டிரைவிலும் கோளாறு இல்லை. மூன்றாம் நாள் புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பயனில்லை. கேபிளை மாற்றினேன். அதற்கும் அசையவில்லை.

மதாம் தினமும் மாலை வந்து எத்தனை ஆயிற்று என்று கேட்பார். மூன்று மதாம். ஐந்து மதாம். எட்டு மதாம். "அப்புறம்?" என்பார். டிரைவ் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. என்னாச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்டால் ஒன்றுமில்லை என்றேன். அழைப்பிதழில் இருந்த தேதி கண்ணை மூடினாலும் தெரிந்தது.

நாலாவது நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். ரிப் ஓடும்போது மௌஸ் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. சிடி படிப்பதற்கு ஏன் கம்ப்யூட்டர் முழுசும் திணற வேண்டும்? கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் பட்டியல் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவ் மாட்டியிருந்த சேனலில், அதாவது அதன் இணைப்பு வழியில், 'பிஐஓ' என்று இருந்தது. 'டிஎம்ஏ' என்று இருக்க வேண்டிய இடம். டிஎம்ஏ என்றால் டிரைவிலிருந்து தகவல் நேராக மெமரிக்குப் போகும். பிஐஓ என்றால் ஒவ்வொரு துளியையும் பிராசஸரே கையால் மொண்டு ஊற்றுகிற மாதிரி. டிரைவில் தொடர்ந்து படிப்புப் பிழை வந்தால் விண்டோஸ் வேகமான வழியை அடைத்துவிட்டு இந்த மெதுவான வழிக்கு மாறிக்கொள்ளும். யாரிடமும் சொல்லாது. பிழை நின்ற பிறகும் பழையபடி திரும்பாது. வேறு டிரைவ் மாட்டினாலும் அதே வழியில்தான் ஓட்டும். எப்போதோ யாரோ போட்ட ஒரு கெட்டுப்போன சிடியால் இது நடந்திருக்க வேண்டும்.

அந்தச் சேனலை லிஸ்டிலிருந்து நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைத்தது. கையை விரித்து துஆ செய்துவிட்டுத்தான் சிடியைப் போட்டேன். இருபது நிமிஷம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இருபது நிமிஷமும் எனக்கு அதிகமாகத் தெரிந்தது. நாலு நாள் போய்விட்டது, நடுவில் ஒரு ஞாயிறு வேறு, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பிறகு இருபத்துமூன்று பிளேயரிலும் ஏற்ற வேண்டும். புரோகிராமின் செட்டிங்கைத் திறந்தேன். அது ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. வைத்தது நான்தான், முன்பு ஒருநாள் நிதானமாக இருந்தபோது. அதை எடுத்துவிட்டேன். படிக்க முடியாத துண்டு வந்தால் நின்று திணறாமல் தாண்டிப் போகச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டேன். நாலரை நிமிஷத்தில் ஒரு சிடி வெளியே வந்தது. சிடி தட்டு திறந்து மூடும் சத்தம் அன்று எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அறுபத்தொன்றும் முடிந்துவிட்டன. மதாம் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"கேட்டுப் பார்த்தீங்களா?" என்றார்.

"கேட்டேன் மதாம்."

ஒவ்வொரு சிடியிலும் முதல் ட்ராக்கின் தொடக்கத்தை மட்டும் கேட்டிருந்தேன். நோட்டில் அறுபத்தொரு கையெழுத்தும் போட்டிருந்தேன். மதாம் "அப்புறம்?" என்று தொடங்கும்போது பந்தல்காரர் படியேறி வந்தார். அவரோடு பேசப் போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. பிள்ளைகள் பிளேயரைக் கையில் வாங்கி, பட்டன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அங்கேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் பேச்சைக் கவனிக்கவில்லை. கமிட்டியில் என்னைக் குறை சொன்னவரே வந்து நல்ல வேலை என்றார்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் பகலில் போன் வந்தது. கனகசெட்டிக்குளத்திலிருந்து அமுதா. மீன்பிடிக் குடும்பத்துப் பெண், எங்கள் பிள்ளைகளில் அதிகமாகக் கேள்வி கேட்பவள். ஏதோ புகார் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் புகார் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம். விலை ஏறினா தேவை ஏறுமா, குறையுமா?"

எனக்குப் பொருளியல் தெரியாது. ஆனால் கறிக்கடைக்குப் போகிறவள்தானே. குறையும் என்றேன்.

"டீச்சரும் அதான் சொல்றாங்க. பிளேயர்ல ஏறும்னு வருதுக்கா. டீச்சர் தப்புன்னாங்க. நான் விடல, புத்தகத்துல அப்படித்தான் இருக்குதுன்னு சொல்லிட்டேன். எல்லாம் சிரிச்சாங்க. எது சரின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். அந்த ட்ராக்கைப் போட்டேன். வாசித்தவருடைய நிதானமான, தெளிவான குரல் வந்தது: "ஒரு பொருளின் விலை ஏறினால் தேவை ஏறும்." துளிகூட இடறல் இல்லை. அச்சுப் புத்தகத்தை எடுத்தேன். 'ஒரு பொருளின் விலை ஏறினால் தேவை குறையும். விலை இறங்கினால் தேவை ஏறும்.' நடுவில் மூன்று விநாடி இல்லை. புரோகிராம் படிக்க முடியாத துண்டைத் தாண்டிப் போய், முன்னையும் பின்னையும் ஒட்டவைத்திருக்கிறது. ஒட்டிய இடத்தில் ஒரு முழு வாக்கியம் உருவாகியிருக்கிறது. எட்டு முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அது சரியான வாக்கியமாகவே காதில் விழுந்தது.

சிடியை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தேன். மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. இது ட்ராக்கோடு சேர்ந்து வளைந்து ஓடிய கீறல். மறுபடி படித்து ஒப்பிடும் செட்டிங்கை ஆன் செய்து அந்த ஒரு ட்ராக்கை மட்டும் ரிப் செய்தேன். அந்த இடத்தில் டிரைவ் நின்று, முனகி, வேகத்தைக் குறைத்து, மறுபடி மறுபடி படித்தது. நாற்பது நிமிஷம் ஆனது. வாக்கியம் முழுசாக வந்தது.

அந்த நாற்பது நிமிஷமும் என் மனதில் ஓடியது ஒன்றுதான். இந்த ஒன்றை அமுதா கண்டுபிடித்தாள். அவள் சண்டைக்காரி. மற்ற இருபத்திரண்டு பேர்? மற்ற அறுபது சிடி?

அமுதாவுக்கு மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று இப்போது எழுத மாட்டேன். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. மதாம் அறை வாசலுக்கு இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே நிமிர்ந்து பார்த்து, "உள்ள வாங்க மும்தாஜ்" என்றார்.

ஒரு பிளேயரில் ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது என்று தொடங்கினேன்.

"அப்புறம்?"

எல்லாப் பிளேயரிலும் அதே ஃபைல்தான் என்றேன்.

"அப்புறம்?"

வேறு சிடிகளிலும் இருக்கலாம். பிழை பார்க்கும் செட்டிங்கை நான்தான் எடுத்துவிட்டேன்.

"அப்புறம்?"

"நான் கேட்டுப் பார்க்கல மதாம். கேட்டேன்னு சொன்னது பொய். கையெழுத்து மட்டும் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 'பொன்' வரவில்லை. பிறகு, எந்தெந்த ட்ராக் கெட்டிருக்கிறது என்று கேட்காமலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்றார். அழுதுகொண்டு நிற்க அவர் எனக்கு இடம் தரவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வழி இருந்தது. ஒவ்வொரு சிடியும் தன் ட்ராக்குகள் எத்தனை நிமிஷம், எத்தனை விநாடி என்று தானே ஒரு பட்டியல் வைத்திருக்கும். துண்டு விட்டுப் போயிருந்தால் நான் எடுத்த ஃபைலின் நீளம் அதைவிடக் குறைந்திருக்கும். அறுபத்தொரு சிடியையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்கேல் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். பதினாலு ட்ராக்கில் நீளம் குறைந்தது. இதில் இரண்டு விநாடி, அதில் ஐந்து விநாடி. வரலாற்றில் ஒரு பத்தியே இல்லை. நீளம் குறையாமல் சத்தம் மட்டும் கெட்டிருக்கலாம் என்பதால் எல்லாச் சிடியையும் நிதானமான செட்டிங்கில் மறுபடி ரிப் செய்தேன். சிடிக்கு இருபது நிமிஷம், கீறல் இருந்தால் ஒரு மணி நேரம். மூன்றே நாளில் முடிந்துவிட்டது. ஜனவரியில் என்னிடம் ஐந்து நாள் இருந்தது. உட்கார்ந்து பெருக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பயத்தில் அந்தக் கணக்கைப் போடவே இல்லை.

இந்த முறை எல்லா ட்ராக்கையும் தொடக்கம், நடு, கடைசி கேட்டேன். அந்தப் பதினாலு ட்ராக்கையும் மதாம் தானே புத்தகத்தோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

பிளேயர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னால் படிக்கிற நேரத்தில் பிள்ளைகள் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும், நாம்தான் போக வேண்டும் என்று மதாம் முடிவு செய்தார். இரவல் லேப்டாப் இரண்டு வாங்கினோம். டவுனில் இருந்த பதினொரு பேர் வீட்டுக்கு மதாம், வெளியூர் பன்னிரண்டு பேருக்கு நான். அறுபத்தைந்து வயதில் அவர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆள் ஏற்றும் டெம்போவில் ஏறிப் போனதை நான் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் 'எங்க தப்பு' என்று சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை என்று பிள்ளைகள்தான் பிறகு சொன்னார்கள்.

முதலில் கனகசெட்டிக்குளம் போனேன். அமுதாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் டீச்சர்கிட்ட மன்னிப்பு கேக்கணுமேக்கா" என்றாள். அவளுடைய அப்பாவின் போனிலிருந்தே அந்த டீச்சரைக் கூப்பிட்டு, பெண் பேரில் தப்பில்லை, தப்பு நூலகத்தில் நான் செய்தது என்றேன். டீச்சர், நாளைக்கு வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஐந்து நாளில் பதினொரு வீடு முடித்தேன். கடைசி வீடு பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஏழுமலை. நெல் விவசாயக் குடும்பம், அமைதியான பையன், நூலகத்துக்கு வந்தால் வந்ததும் போனதும் தெரியாது. கொடுத்திருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். திண்டிவனத்தில் சொந்தத்தில் ஒரு சாவு, குடும்பமே போயிருக்கிறது, காரியம் முடிந்து பரீட்சைக்கு வந்துவிடுவார்கள் என்றார். நூலகத்திலிருந்து வந்தேன், பிளேயர் விஷயமாகப் பார்க்க வேண்டும், வந்த உடனே இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கண்டிப்பா சொல்லிடுறேம்மா என்றார்.

மதாமிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். யாரிடம் என்றார். பக்கத்து வீட்டில் என்றேன். "அப்புறம்?" என்றார்.

"சொல்லிடுவாங்க மதாம்."

அவரும் களைத்திருந்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் நோட்டில் ஏழுமலையின் பெயருக்கு நேராகவும் டிக் போட்டேன். இன்னொரு முறை பஸ் ஏறியிருக்கலாம். தேர்வு தொடங்கிய அன்று அவன் பள்ளி வாசலில் போய் நின்றிருக்கலாம். ஒவ்வொரு நாளும் போன் அடிக்கும்போது அவனாக இருக்கும் என்று எடுப்பேன். இல்லாதபோது, ஒருவேளை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பொருளியல் தேர்வு முடிந்த மறுநாள் அமுதா கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னாள். தேவை விதி வந்திருந்தது. அவள் நன்றாக எழுதியிருந்தாள். ஏழுமலை என்ன எழுதினானோ என்ற நினைப்பில் எனக்கு அவள் பேசியதில் பாதி கேட்கவில்லை.

ஏப்ரலில் ஏழுமலை வந்தான், அவன் அப்பாவோடு, பிளேயரைத் திருப்பிக் கொடுக்க. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பிளேயரைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பழைய ஃபைல்கள். பதினாலும் அப்படியே இருந்தன. நான் எழுதிக் கொடுத்த செய்தி வந்து சேரவில்லையா என்று கேட்டேன்.

"அப்பா பரீட்சை முடிஞ்சப்புறம்தான் சொன்னாருக்கா. பிளேயரத் திரும்ப வாங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டாராம். பரீட்சை முடியிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்னு சொல்லாம விட்டுட்டாரு. கோச்சிக்காதீங்க."

அவன் என்னிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எதை விட்டேன், ஏன் விட்டேன், அந்த வரி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று. பொருளியலில் அந்தக் கேள்வியை எழுதினாயா என்று கேட்டேன்.

அவனுக்குப் பார்வை இல்லாததால் தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியரைப் போட்டிருந்தார்கள். சொல்வதை அப்படியே எழுதுவதுதான் அவர் வேலை. திருத்தக் கூடாது.

"நான் சொன்னதும் அவரு எழுதறத நிறுத்திட்டாருக்கா. பேனா சத்தம் நின்னுபோச்சு. திரும்பச் சொல்லுப்பான்னாரு. நான் திரும்ப அதையேதான் சொன்னேன். இன்னொரு தடவ யோசிச்சிச் சொல்லுன்னாரு. கிளாஸ்ல வேற மாதிரி கேட்டாப்ல ஒரு ஞாபகம் இருந்துது. ஆனா பிளேயர்ல எத்தினி தடவ கேட்டிருக்கேன். அதான் சரின்னு சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "அவரு எதுக்கு நிறுத்தினாருன்னு இப்பதான் தெரியுது."

அவன்தான் கேட்டான், அதற்கு எத்தனை மார்க் போயிருக்கும் என்று. ஐந்து என்றேன். மற்றதில் என்னென்ன போயிருக்கும் என்று அந்தப் பதினாலையும் பட்டியல் வைத்து அவனோடு பார்த்தேன். தேர்வில் வந்தது இன்னொன்று இருந்தது, இரண்டு மார்க். சரிக்கா என்று எழுந்துகொண்டான். பிளேயர் உன்னுடையதுதான் என்று அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மாடிப்படியில் அவன் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவரிடமும் சொல்ல வேண்டும் என்று பின்னாலேயே ஓடினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். இல்லை, உங்கள் தப்பு இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

மேலே வந்து நோட்டைத் திறந்து ஏழுமலைக்கு நேராக இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். மதாமிடம் காட்டினேன். அவர் "நானும் கேக்காம விட்டேன்" என்று மட்டும் சொல்லி, அடித்த டிக்குக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

மே மாதம் முடிவு வந்தது. இருபத்துமூன்று பேரும் பாஸ். ஏழுமலைக்கு அவன் கேட்ட கல்லூரியில் முதல் பட்டியலில் பெயர் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. அந்த ஏழு மார்க் இருந்திருந்தால் முதலிலேயே வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கல்லூரியில் போய் நான் கேட்கவும் இல்லை. இரண்டாவது பட்டியல் வரும்வரை இருந்த பதினைந்து நாளும் எப்படிப் போயின என்பது எனக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். மதாம் ஓய்வெடுத்துக்கொண்டார், புதியவர்கள் வந்தார்கள், ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். கோளாறால் மெதுவாக ஓடினால் கண்டுபிடித்துச் சரிசெய்வேன், சரிபார்ப்பதால் மெதுவாக ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன் என்று சொல்வேன். எது எந்த மெதுவு என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு டெக்னீஷியன் வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் கல்லூரி திறந்து ஒரு மாதம் கழித்து ஏழுமலை பாடங்களை ஏற்றிக்கொள்ள நூலகத்துக்கு வந்தான். வராமல் போய்விடுவான் என்று நினைத்திருந்தேன். ஏற்றி முடித்து பிளேயரை அவன் கையில் வைத்தேன். அவன் அதை உடனே பையில் போடவில்லை.

"அக்கா, இது வேகமா எடுத்ததா, மெதுவா எடுத்ததா?"

"மெதுவாத்தான்பா. முழுசும் உக்காந்து கேட்டேன்."

"சரிக்கா" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியே இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தான். முதல் பாடத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனான்.